மேட்டில் தெரியும் பெட்டி

பழைய கார் பார்க்க வருகிறவர்கள் பட்டறை வாசலில் நின்று கேட்கும் கேள்விகளில் "ஆட்டோமேட்டிக்தானே?" என்பது இப்போது முன்னுக்கு வந்துவிட்டது. ஆமாம் என்று சொன்னால் அவர்களுக்குத் திருப்தி. எனக்கு அந்தப் பதில் பாதிகூட இல்லை. கிளட்ச் பெடல் இல்லாமல், லிவரை டி-யில் தள்ளியதும் நகர்கிற கார்களுக்குள் ஏஎம்டி, டார்க் கன்வெர்ட்டர், சிவிடி, டிசிடி, மின்மோட்டார் என்று குறைந்தது ஐந்து வகை இயந்திரங்கள் இருக்கின்றன; ஒவ்வொன்றும் என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஒன்றுக்கு ஊற்றும் ஆயில் இன்னொன்றைக் கெடுக்கும். ஒன்றை ஓட்டும் பழக்கம் இன்னொன்றை எரிக்கும். பின்பக்கம் ஒட்டியிருக்கும் பெயரும், பெடல் எண்ணிக்கையும், லிவரில் உள்ள எழுத்தும் இவற்றைப் பிரித்துக் காட்டப் போதாது. நிற்கும் வண்டி நகரத் தொடங்கும் அந்த ஓரிரு விநாடியில் ஸ்லிப் எங்கே நடக்கிறது என்று பார்ப்பதுதான் நம்பத்தக்க வழி. பண்பொழி மாதிரி மலையடிவார ஊரில் இருப்பவனுக்கு அதைப் பார்ப்பது சமவெளிக்காரனைவிடச் சுலபம்.

ஸ்லிப் என்றதும் கோளாறு என்று நினைக்க வேண்டாம். பெட்ரோலோ டீசலோ, எஞ்சினின் சுற்று ஓர் அளவுக்குக் கீழே போனால் அது அணைந்துவிடும். நிற்கும் வண்டியின் சக்கரமோ சுற்றவே இல்லை. சுற்றுகிற ஒன்றையும் சுற்றாத ஒன்றையும் இணைக்க வேண்டுமென்றால் நடுவில் ஏதோ ஒன்று கொஞ்ச நேரம் வழுக்கித்தான் ஆக வேண்டும். வழுக்குகிற இடத்தில் சூடு பிறக்கும். அந்தச் சூட்டைக் கிளட்ச் பிளேட்டின் லைனிங் தாங்குகிறதா, ஆயில் தாங்குகிறதா, இல்லை மின்மோட்டார் வந்து வழுக்கலே தேவையில்லாமல் செய்துவிட்டதா? கியர் பெட்டியின் சாதி இதில்தான் இருக்கிறது. எத்தனை கியர் என்பது அதற்குப் பிறகு வரும் சங்கதி.

பெயரை நம்ப முடியாது என்பதற்குச் சான்று தேடிப் போக வேண்டியதில்லை. 2023-ல் வந்த மாருதி ஃப்ரான்க்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1.2 லிட்டர் எஞ்சின் வண்டியில் ஏஜிஎஸ் என்ற பெயரில் ஏஎம்டி இருக்கிறது, 1.0 டர்போவில் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. இரண்டையும் உரிமையாளர் "ஃப்ரான்க்ஸ் ஆட்டோமேட்டிக்" என்றுதான் சொல்வார். பலேனோ 2022 வரை சிவிடியோடு வந்தது, அந்த ஆண்டு புது வடிவம் வந்தபோது ஏஜிஎஸ்ஸுக்கு மாறியது. ஹூண்டாய் கிரெட்டா இன்னும் வேடிக்கை: சாதாரண பெட்ரோலுக்கு ஐவிடி, டர்போ பெட்ரோலுக்கு டிசிடி, டீசலுக்குக் கன்வெர்ட்டர். ஒரே கூண்டுக்குள் மூன்று குடும்பம். டாடா நெக்ஸானில் ஏஎம்டியும் உண்டு, டிசிஏ என்ற இரட்டைக் கிளட்சும் உண்டு, கியரே மாறாத மின்வண்டியும் உண்டு. கம்பெனிகள் வைக்கும் பெயர்களும் குழப்பத்துக்குத் துணைபோகின்றன. மாருதியின் ஏஜிஎஸ், நிசானின் ஈஸி ஷிஃப்ட், ரெனோவின் ஈஸி ஆர், மஹிந்திராவின் ஆட்டோ ஷிஃப்ட் நான்கும் ஒரே ஏஎம்டிதான். ஐவிடி என்பது சிவிடியின் மறுபெயர். ஆர்சி புத்தகத்தில் எரிபொருளுக்கும் சிசிக்கும் இடம் இருக்கிறது. பெட்டி என்ன வகை என்று எழுதத் தனி இடம் கிடையாது. மாடல் பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்தால் உண்டு.

பெடலை எண்ணுவதும் ஏமாற்றும். 2020-ல் ஹூண்டாய் வென்யூவிலும் கியா சோனெட்டிலும் ஐஎம்டி என்று ஒன்று வந்தது. கிளட்ச் பெடல் இருக்காது, ஆனால் கியரைக் கையால்தான் மாற்ற வேண்டும். லிவரில் கை வைத்ததை உணர்ந்து கிளட்சைக் கம்ப்யூட்டர் பிரிக்கும். இரண்டு பெடல்தானே என்று இதை ஆட்டோமேட்டிக் கணக்கில் சேர்த்தால் தப்பு. லிவரின் எழுத்துகள் இதைவிடக் கொஞ்சம் உதவும். பி என்ற பார்க்கிங் நிலை இல்லாமல் ஆர், என், டி, எம் என்று மட்டும் இருந்தால் நம் ஊர்ச் சிறிய கார்களில் அநேகமாக அது ஏஎம்டி. அந்த வண்டியை மேட்டில் நிறுத்தும்போது கியரிலேயே விட்டு எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கையும் போட வேண்டும். மேனுவல் வண்டியில் செய்கிற அதே வழக்கம். பி இருந்தால் மட்டும் ஒன்றும் தீராது. கன்வெர்ட்டரிலும் சிவிடியிலும் டிசிடியிலும் ஹைபிரிடிலும் மின்வண்டியிலும் பி இருக்கிறது.

ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பார்கள். எங்கே ஓட்டிப் பார்ப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. செங்கோட்டையிலிருந்து மதுரைப் பக்கம் போகும் நெடுஞ்சாலையில் எண்பதில் விட்டுப் பார்த்தால் எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரிதான் போகும். அந்த வேகத்தில் ஏஎம்டியின் கிளட்ச் முழுக்கப் பிடித்திருக்கும், டிசிடியின் கிளட்சும் அப்படியே. கன்வெர்ட்டருக்குள்கூட லாக்-அப் கிளட்ச் ஒன்று பூட்டிக்கொண்டு ஆயிலின் வழுக்கலை நிறுத்தியிருக்கும். வழுக்கல் இல்லாத இடத்தில் வித்தியாசம் எப்படித் தெரியும்? பார்க்க வேண்டிய இடம் திருமலைக் கோயிலுக்கு ஏறும் மலைச்சாலை, புளியரை எஸ் வளைவு, மேக்கரை தாண்டி அச்சன்கோவிலுக்குப் போகும் காட்டுப்பாதை. இல்லையென்றால் சாரல் சீசனில் குற்றாலத்திலிருந்து ஐந்தருவிக்கு நகரும் வண்டி வரிசை. ஏற்றமும் ஊர்தலும் சேருமிடத்தில் எந்தப் பெட்டியாலும் தன் சுபாவத்தை மறைக்க முடியாது. சோதிக்கிறவர் பின்னால் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து, கால் பிரேக்குக்கு மேலேயே இருக்கும்படி சோதிக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

ஏஎம்டியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், சிறிய கார்களில் அதுதான் பரவலாக இருப்பதால். 2014-ல் மாருதி செலேரியோ அதை இங்கே கொண்டுவந்தது. தொழில்நுட்பம் இத்தாலியின் மாக்னெட்டி மாரெல்லியுடையது. பெட்டி நம் பழைய மேனுவல் பெட்டியேதான். அதே கிளட்ச் பிளேட், அதே பிரஷர் பிளேட், அதே பல். டிரைவரின் இடது காலும் இடது கையும் செய்துகொண்டிருந்த வேலையை ஆக்சுவேட்டர் எடுத்துக்கொண்டது, அவ்வளவே. மேனுவலைவிட ஏறக்குறைய அரை லட்சம் கூடுதல் விலையில் அதைக் கொடுக்க முடிவதும், கன்வெர்ட்டர் வண்டி என்றால் ஒரு லட்சத்துக்கு மேல் ஆவதும் இதனால்தான். அடையாளங்களும் இங்கிருந்தே பிறக்கின்றன. பிரேக்கை மிதித்துக்கொண்டு என்-னிலிருந்து டி-க்குத் தள்ளினால் உள்ளே ஒரு சிறு சத்தம் கேட்கும்; எஞ்சின் மீது பாரம் விழாது, ஏனென்றால் கிளட்ச் இன்னும் பிரிந்தேயிருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்து ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது ஒரு கணம் இழுவை அறுந்து, தலை முன்னால் ஆடி, மறுபடி பிடிக்கும். ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் உள்ள சில வண்டிகளில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்ததும் பம்ப் மோட்டார் சில விநாடி ஓடி அடங்கும். சாவியைப் போடும் முன்பே வண்டி தன் சாதியைச் சொல்லிவிடுகிறது. மேட்டில் பிரேக்கை விட்டால் வண்டி தடையில்லாமல் பின்னால் போய், பிறகு ஒரு அதிர்வோடு பிடிக்கும். அந்த அதிர்வுதான் லைனிங் உராயும் இடம். பிளேட் தேய்ந்த வண்டியில் அது நீளும், கருகல் வாடையும் சேர்ந்து வரும்.

டார்க் கன்வெர்ட்டர் நகரும் விதமே வேறு. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் 1905-ல் காப்புரிமை பெற்றபோது அது காருக்காக அல்ல, கப்பலின் நீராவி டர்பைனுக்கும் புரொப்பல்லருக்கும் நடுவில் வைப்பதற்காக. எஞ்சினோடு சுற்றும் சக்கரம் ஆயிலை எறியும். எதிரே இருக்கும் டர்பைன் அதை வாங்கிச் சுற்றும். திரும்பி வரும் ஆயிலை நடுவிலுள்ள ஸ்டேட்டர் திசைமாற்றி மறுபடி எஞ்சினுக்கு உதவியாக அனுப்பும். வண்டி நின்ற நிலையில் எஞ்சினின் முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிச் சக்கரத்துக்குப் போகிறது. டீசல் இன்னோவா கிரிஸ்டா ஆள் நிறைந்து புளியரையில் முனகாமல் கிளம்புவதற்கு இதில் பங்கு உண்டு. உலோகத்தோடு உலோகமோ லைனிங்கோ உராயாமல் ஆயில்தான் வழுக்குகிறது; பிறந்த சூடும் ஆயிலோடு கூலருக்குப் போய்விடுகிறது. பிரேக்கை மிதித்துக்கொண்டு டி-யில் தள்ளினால் எஞ்சின் சத்தம் ஒரு பிடி இறங்கும், வண்டி லேசாக முன்னால் குனியும். அப்போதே பாரம் விழுந்துவிட்டது. சமதளத்தில் பிரேக்கை விட்டதும் வழவழவென்று நகரும். சுமாரான மேட்டில் அப்படியே நிற்கும். செங்குத்தான மேட்டில் பின்னால் வந்தாலும் எதிர்த்துத் தள்ளிக்கொண்டே மெதுவாக வரும், திடீரென்று அல்ல. கியர் மாறும்போது எஞ்சின் சத்தம் இறங்கும், ஆர்பிஎம் முள் இறங்கும், இழுவை மட்டும் அறாது. சத்தம் இறங்கும்போது முதுகில் சீட்டின் அழுத்தம் குறைகிறதா இல்லையா என்று பார்த்தாலே ஏஎம்டியும் கன்வெர்ட்டரும் பிரிந்துவிடும்.

சிவிடியைப் புரிந்துகொள்ள நம் வீட்டு ஸ்கூட்டர் போதும். கினெடிக் ஹோண்டா காலத்திலிருந்து ஆக்டிவா வரை கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் இருப்பது இரண்டு கூம்புப் புல்லியும் நடுவில் ஒரு ரப்பர் பெல்ட்டும்தான். நெதர்லாந்தின் டாஃப் கம்பெனி 1958-ல் இதைக் காரில் வைத்தது, அதுவும் ரப்பர் பெல்ட்டோடு. இன்றைய கார்களில் மெல்லிய இரும்புத் துண்டுகளைக் கோத்த உலோகப் பெல்ட். கிளம்பும்போது காட்டும் குணத்தை வைத்து மட்டும் இதைக் கன்வெர்ட்டர் வண்டியிலிருந்து பிரிக்க முடியாது, ஏனென்றால் இப்போது வரும் சிவிடிகள் பெரும்பாலானவற்றில் எஞ்சினுக்கும் புல்லிக்கும் நடுவில் ஒரு கன்வெர்ட்டரே இருக்கிறது. பழைய ஹோண்டா சிட்டி சிவிடியில் அது இல்லை, ஸ்டார்ட் கிளட்ச் என்று ஒன்று இருந்தது. அது தேய்ந்தால் கிளம்பும்போது வண்டி உதறும், பார்க்கிறவர் ஏஎம்டி என்றே நினைத்துவிடுவார். ஆகவே கிளம்பிய பிறகு இரண்டாவது கேள்வியைக் கேட்க வேண்டும்: படி இருக்கிறதா, இல்லையா? ஆக்சிலரேட்டரைப் பாதி மிதித்து அப்படியே பிடித்திருங்கள். ஆர்பிஎம் முள் ஓரிடத்தில் ஏறி நிற்க, வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போனால் அது சிவிடி. முள் ஏறி, இறங்கி, மறுபடி ஏறினால் உள்ளே கியர் இருக்கிறது.

டிசிடிதான் மெக்கானிக்கையும் ஏமாற்றும். ஒற்றை எண் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டை எண் கியர்களுக்கு இன்னொரு கிளட்ச். இரண்டில் போகும்போதே மூன்று தயாராக மாட்டியிருக்கும், ஒன்று விட இன்னொன்று பிடிக்கும். ஃபோக்ஸ்வாகன் 2003-ல் இதைச் சாலையில் ஓடும் கார்களுக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் 2013-ன் போலோ ஜிடி டிஎஸ்ஐ பலருக்கும் அறிமுகம். ஓடும்போது கன்வெர்ட்டரைவிட வேகமாக, இழுவை அறாமல் மாறும். ஆகவே கியர் மாற்றத்தை மட்டும் பார்க்கிறவர் இதை உயர்ந்த வகைக் கன்வெர்ட்டர் என்றே சொல்வார். ஊர்ந்து பார்த்தால்தான் கதை மாறும். காலை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்து நகர்த்தினால் ஒரு தயக்கமும் மெல்லிய உதறலும் வரும். மேட்டில் ஏஎம்டியைப் போலவே ஒரு கணம் பின்னால் போய்ப் பிடிக்கும். உள்ளே இருப்பது லைனிங் உள்ள கிளட்ச் என்பது அங்கே வெளிப்படுகிறது. ஹூண்டாய் வென்யூவில் இருப்பது உலர் கிளட்ச், டாடாவின் டிசிஏ ஆயிலுக்குள் மூழ்கிய கிளட்ச். இரண்டாவது வகை சூட்டை நன்றாகத் தாங்கும், தயக்கமும் குறைவு. என் முறை தடுமாறும் இடம் இதுதான் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆயில் கிளட்ச் டிசிடியையும் நல்ல கன்வெர்ட்டரையும் பிரிக்க மேட்டில் இரண்டு மூன்று முறை பொறுமையாக நின்று கிளம்பிப் பார்க்க வேண்டும்.

ஹைபிரிடுக்கும் மின்வண்டிக்கும் அதிக வார்த்தை வேண்டாம். டொயோட்டா ஹைகிராஸின் இ-சிவிடி என்ற பெயரில் சிவிடி இருந்தாலும் உள்ளே பெல்ட்டும் இல்லை, கன்வெர்ட்டரும் இல்லை. ஒரு பிளானெட்டரி கியரில் எஞ்சினும் இரண்டு மின்மோட்டார்களும் சேர்கின்றன. மோட்டார் பூஜ்யத்திலிருந்தே இழுக்கும் என்பதால் எதுவும் வழுக்க வேண்டியதில்லை. ஹைகிராஸிலேயே ஹைபிரிட் அல்லாத பெட்ரோல் வண்டியில் மட்டும் உண்மையான பெல்ட் சிவிடி இருக்கிறது என்பதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். மின்வண்டியில் ஒரே ஒரு வேகக்குறைப்புப் பல், அவ்வளவுதான்.

இந்தக் காலத்து வண்டியில் மேட்டுச் சோதனை செல்லாது, எல்லாவற்றையும் சாஃப்ட்வேர் மறைத்துவிடுகிறது என்று இளைய மெக்கானிக்குகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஹில் ஹோல்ட் பிரேக்கைப் பிடித்துக்கொள்கிறது. ஏஎம்டியும் டிசிடியும் கிளட்சைப் பாதி பிடித்துக் கன்வெர்ட்டரைப் போல ஊர்ந்து காட்டுகின்றன. சிவிடி, முழுக்க மிதித்தால் படி இருப்பதாக நடிக்கிறது. ஆனால் மறைப்புக்கு ஓர் எல்லை உண்டு. ஹில் ஹோல்ட் பொதுவாக இரண்டு மூன்று விநாடிதான் பிடிக்கும். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் அதற்கு மேல் காத்திருந்தால் பெட்டி தன் சொந்தக் குணத்துக்கு வந்துவிடும். சிவிடியின் நடிப்புப் பாதி மிதியில் வராது. டி-யில் தள்ளும்போது விழும் பாரத்தைச் சாஃப்ட்வேரால் ஓரளவு மென்மையாக்க முடியும், கிளட்ச் பெட்டியில் கன்வெர்ட்டரை வரவழைக்க முடியாது. ஆகவே ஒரு சோதனையை நம்பாமல் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்: டி-யில் போடும்போது பாரம், மேட்டில் விடும்போது பிடிப்பு, மாறும்போது இழுவை.

வண்டி ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு, அந்தக் கவலையைத் தீர்க்கத்தானே ஆட்டோமேட்டிக் வாங்குகிறோம் என்று கேட்பவர்களும் உண்டு. அந்த நினைப்புதான் பட்டறைக்கு வேலை கொண்டுவருகிறது. ஐந்தருவி வரிசையில் முன்வண்டி நாலடி நகர்ந்தால் தானும் நாலடி நகரும் பழக்கம் கன்வெர்ட்டருக்கு ஒன்றும் செய்யாது. ஏஎம்டியிலும் உலர் டிசிடியிலும் அது மணிக்கணக்கில் ஹாஃப் கிளட்சில் ஓட்டுவதற்குச் சமம். இரண்டு கார் நீளத்துக்கு இடம் விட்டு, ஒரே இழுப்பில் போய், பிரேக்கில் நிற்பதுதான் அவற்றுக்குச் சரி. மேட்டில் பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டராலேயே வண்டியை நிறுத்திப் பிடிப்பது அதைவிட மோசம். டிசிடி வண்டிகள் சில டேஷ்போர்டிலேயே சூட்டு எச்சரிக்கை காட்டும். சபரிமலை சீசனில் ஆரியங்காவு வழியே இறங்குகிறவர்கள் டி-யிலேயே விட்டுப் பிரேக்கைச் சுடவைப்பதும் இதே அறியாமைதான். ஏஎம்டியில் எம்-முக்கு மாற்றி இரண்டாவது கியரில் இறங்கலாம், சிவிடியில் எல் அல்லது எஸ் இருக்கும், மின்வண்டியில் மோட்டாரே பிரேக்காகும். ஆயில் விஷயம் இன்னும் கறாரானது. சிவிடி ஆயிலின் வேலை இரும்புப் பெல்ட்டும் புல்லியும் வழுக்காமல் பிடிக்கச் செய்வது. அதில் கன்வெர்ட்டர் பெட்டிக்கான சாதாரண ஏடிஎஃப் ஆயிலை ஊற்றினால் வழுக்கக் கூடாத இடத்தில் வழுக்கிப் புல்லியில் கோடு விழும். நிறத்தைப் பார்த்து ஆயிலை முடிவுசெய்வது ஆபத்து, ஒரே நிறத்தில் வேறு வேறு ஆயில்கள் வருகின்றன.

ஸ்கேனரை மாட்டினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடுமே என்பதும், சேசிஸ் எண்ணைக் கம்பெனியில் கொடுத்தால் சொல்லிவிடுவார்களே என்பதும் உண்மை. பெட்டியின் பெயரை அறிய அதுவே நேர்வழி, நானும் அதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். பெயர் தெரிவதால் அந்தப் பெட்டியில் இன்னும் எவ்வளவு லைனிங் மிச்சம் என்பது தெரிவதில்லை. மலிவான ஸ்கேனர்கள் எஞ்சினைப் படிக்கும் அளவுக்குக் கியர் பெட்டியின் கம்ப்யூட்டரைப் படிப்பதுமில்லை. மேட்டில் செய்யும் சோதனை வகையையும் நிலைமையையும் ஒரே நேரத்தில் சொல்கிறது. தவிர, ராத்திரி நேரத்தில் புளியரைக்கு மேலே வண்டி நின்றுபோனால் கையில் ஸ்கேனர் இருக்காது, முடிவு மட்டும் எடுத்தாக வேண்டியிருக்கும். தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவலில் மட்டும் நடக்கும், மற்றவற்றில் முயலவே வேண்டாம். பேட்டரி செத்த ஏஎம்டி கியரிலேயே மாட்டிக்கொண்டிருக்கலாம், லிவரை என்-னுக்குத் தள்ளினாலும் பெட்டி கேட்காது; முன்சக்கரத்தைத் தூக்கித்தான் இழுக்க வேண்டும். கன்வெர்ட்டரிலும் சிவிடியிலும் ஆயில் பம்பை ஓட்டுவது எஞ்சின். எஞ்சின் அணைந்த வண்டியைச் சக்கரம் தரையில் உருள இழுத்துக்கொண்டு செங்கோட்டை வரை வந்தால் உள்ளே ஆயில் ஓடாமல் பெட்டி தேயும். ஆகவே முன்சக்கர இழுவை வண்டிக்கு முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும், கிரிஸ்டா போன்ற பின்சக்கர இழுவை வண்டிக்குப் பின்சக்கரத்தை. மின்வண்டியில் சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றி மின்சாரம் பிறக்கும். அதற்கும் ஹைபிரிடுக்கும் நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் லாரியைத்தான் கூப்பிட வேண்டும், வருவதற்கு இரண்டு மணி நேரம் ஆனாலும்.